மூச்சுக்கருவியின் சாட்சியம்

மதுவருந்தி வாகனம் செலுத்துவோன்பால் எமக்கு யாதோர் இரக்கமுமில்லை. ஆயினும், அவன் போதையிலிருந்தான் என்பதை மன்றிலே நிறுவுதற்குக் கொணரப்படுஞ் சான்று எத்தகையது என்பது வேறு வினா. சட்டமும் மருத்துவமும் பயின்றோர் பலரைக் கொண்ட எமது பழைய மாணவர் இதனைச் சிறிது சிந்தித்தல் தகும்.

கண் சிவந்திருந்தது, நாக் குழறியது, நடை தள்ளாடியது என்பன பொலிசார் நெடுங்காலம் உரைத்துவந்த சான்றுகள். நித்திரையின்மையும் நோயும் அச்சமுங்கூட இவ்வடையாளங்களைத் தரவல்லன. 1954ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பொலிசைச் சேர்ந்த ரொபேட் போர்க்கென்ஸ்டைன் என்பார் மூச்சிலுள்ள மதுசாரத்தை அளக்குங் கருவியொன்றை அமைத்தார். நுரையீரலின் ஆழத்திலிருந்து வருங் காற்றிலுள்ள மதுசாரத்தை அளந்து, அதே கனவளவு இரத்தத்தில் அதுபோல் 2100 மடங்கு உளதெனக் கொள்வது இத்தகைய கருவிகளின் கணக்கு. அவ்வெண் ஆளுக்காள் வேறுபடும். வாயிலே தங்கிய மதுவும் அளவைக் கெடுக்குமாதலின், ஊதுவிக்குமுன் 15 நிமிடமளவு அவனை நோக்கியிருத்தல் வழக்கம். அந்நிமிடங்கள் மெய்யாகவே கழிந்தன என்பதற்குச் சாட்சி யார்? பெரும்பாலும் அதே பொலிஸ் உத்தியோகத்தரே!

எனினும், எம்மைப் பெரிதுங் கலக்குவது கருவியன்று. அதனைக் காப்போர் வைத்திருக்கும் ஏடு. பூச்சிய வழுவைக் குறியாது எடுத்த அளவைக் கல்லூரி ஆய்வுகூடத்தில் எமதாசிரியர் ஏற்றதில்லை. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலே நிகழ்ந்ததைப் பார்மின். ஆங்கு வழங்கிய மூச்சுக்கருவி அடிப்படையில் நல்லதே என 2017இல் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். ஆனால் 2012 யூன் முதல் 2014 செத்தெம்பர் வரை அதனை ஆண்டுதோறுஞ் சரிபார்த்தற்கு எழுத்திலான விதிமுறையே இருந்ததில்லை எனவுங் கண்டார். அதன்பின் வெளிவந்ததோ இன்னும் கேடானது. சரிபார்த்தலிலே கருவிகள் தவறியமையைக் காட்டும் 400க்கு மேற்பட்ட தாள்களை, அரசின் மதுசாரப் பரிசோதனை அலுவலகம் எதிரிகளின் வழக்கறிஞர்க்குக் கொடாது மறைத்திருந்தது. 2023 ஏப்பிரலில் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்று, 2011 யூன் முதல் 2019 ஏப்பிரல் வரை எடுக்கப்பட்ட மூச்சளவுகளைக் குற்ற வழக்குகளிலே சான்றாகக் கொள்ளலாகாதென விதித்தது. ஏறத்தாழ 27,000 பேரின் வழக்குகளை அத்தீர்ப்புத் தொட்டது.

இவர்களுட் பலர் மெய்யாகவே குடித்திருந்தோர் என்பதில் எமக்கு ஐயமில்லை. சட்டத்தின் சந்துபொந்துகளாற் குற்றவாளிகள் தப்புகின்றனர் எனச் சினப்போர் இதனைக் கருதுக: இங்கே அவர்களுக்கு வாயில் திறந்தவர் வழக்கறிஞரல்லர், தாள்களை மறைத்த அலுவலரே. குற்றமற்ற சிலர் செலுத்தும் உரிமையையும் அதனாற் பிழைப்பையும் இழந்திருப்பின், அவ்வாண்டுகளை மீட்டுக் கொடுப்பார் யாருமிலர்.

ஆதலின், எந்நாட்டிலாயினும், கருவி காட்டிய எண்ணோடு அது இறுதியாகச் சரிபார்க்கப்பட்ட நாளும், தவறிய தடவைகள் உட்பட அதன் பதிவேட்டுப் பிரதியும், எதிரி கேளாமுன்னரே அவன் கையில் வழங்கப்படல் வேண்டும். சரிபார்த்தவரும் மன்றிலே குறுக்கு விசாரணைக்கு நிற்றல் வேண்டும்.