குழிக்கு ஒரு மூடி கேட்டு

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பேரையூர் தாலுகாவில், கரிசல் காட்டோரம் 40 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். விடியும் முன்பே மதுரை ஓட்டல்களின் மிச்சச் சோறு டிரம்களில் வந்து இறங்கிவிடும். அதை அப்படியே தொட்டியில் ஊற்ற முடியாது. பன்றிக் காய்ச்சல் கிருமி எச்சிலோடு வந்துவிடும். நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத்தான் வைப்பேன். அடுப்புக்குச் சீமைக்கருவேல விறகு.

அடுப்பிலிருந்து இருபதடியில் கழிவுக் குழி. கொட்டகை கழுவும் தண்ணீர் கழிவோடு அங்கேதான் போய்த் தேங்கும். சித்திரை வெயிலில் மேலே கறுப்பாக ஆடை படரும். அதைக் கிழித்துக்கொண்டு, உலை கொதிப்பதுபோலக் கொப்புளங்கள் கிளம்பி உடையும். அது மீத்தேன். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று வெளிவிடுகிற வாயு. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 27 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு கொடியது. எரிகிற வாயுவை வானத்துக்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே விறகு வெட்டிப் போடுகிறேன். தினமும் மனசு உறுத்துகிறது ஐயா.

40 பன்றிக்கு நாளுக்கு 100 கிலோ கழிவு சேரும். அதை மூடிய எரிவாயுக் கலனில் விட்டால் ஏறக்குறைய 6 கன மீட்டர் வாயு. சமையல் கேஸ் கணக்கில் இரண்டரைக் கிலோ. விறகுச் செலவில் பெரும்பகுதி அதிலேயே குறையும்.

அந்தக் கலன் கட்ட மானியம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "மாடு எத்தனை?" என்று கேட்டார்கள். பன்றி என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. கழிவிலிருந்து எரிவாயு எடுக்க 2018இல் வந்த கோபர்தன் திட்டத்தின் பெயரில்தான் மாட்டுச் சாணம் இருக்கிறது. மற்றக் கால்நடைக் கழிவுக்கும் அதில் இடம் உண்டு. இதைக் கீழே உள்ள அலுவலர்களுக்குத் தாங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்தது கொத்தனார். 1984இல் வந்த தீனபந்து மாடல் கலனைச் செங்கல், சிமெண்டிலேயே கட்டிவிடலாம். ஆனால் கவிகையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசிந்து, பட்ட பாடு வீணாகும். தாலுகாவுக்கு இரண்டு கொத்தனார்களைப் பழக்கிவிடுங்கள். வளர்ப்பவர்களுக்கும் சொல்லித்தர ஆள் வேண்டும். கொட்டகை கழுவிய பினாயில் உள்ளே போனால் நுண்ணுயிர்கள் செத்து வாயு நின்றுவிடும் என்பது எனக்கே வெகுநாள் தெரியாது.

பன்றிப் பண்ணைகளை மூடச் சொல்லித் திங்கள்கிழமை மனு கொடுக்கும் ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்றம் உண்மை, கிணறு கெடும் என்ற பயமும் நியாயம். ஆனால் பண்ணையை விரட்டினால் குழியும் கூடவே அடுத்த ஊருக்குப் போகும். மூடிய கலன் கட்டினால்தான் உரிமம் என்று சொல்லுங்கள். கட்டக் கைகொடுத்து, அவகாசமும் தந்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆடிக்குள் ஒரு கலன் கட்டிப் பார்த்தால், அதிலிருந்து வெளிவரும் கரைசலைப் புரட்டாசி மக்காச்சோளத்துக்கு உரமாக விடலாம். இடம் நான் தருகிறேன். முதல் நிரப்புக்கு வேண்டிய மாட்டுச் சாணத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பேரையூர் தாலுகா பன்றி வளர்ப்பவன்