வீட்டுக்கு வரும் ஆபீஸ் எக்ஸ்டென்ஷன்!

கஸ்டமர்களிடம் பல வருடங்களாக இருப்பது ஆபீஸ் லேண்ட்லைன் எண்தான். கணக்குப் பார்ப்பவர் காலில் கட்டுப்போட்டு ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்கிறார் என்றால், ரிசப்ஷனில் இருப்பவர் வேறு வழியில்லாமல் அவருடைய சொந்த மொபைல் எண்ணைக் கொடுத்துவிடுவார். அதோடு சரி. கால் குணமாகி அவர் ஆபீஸுக்கு வந்தபிறகும், தீபாவளியன்று காலை 6 மணிக்கு பில் கேட்டு அந்த மொபைல் அடிக்கும்.

ஐ.பி. பி.பி.எக்ஸ் எனப்படும் இணையவழி எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் ஆபீஸில் இந்தத் தொல்லைக்கு அவசியமே இல்லை. பழைய இன்டர்காம் மாதிரி, இதில் 204-ம் எண் எந்த மேஜைக்கும் ஒயரால் கட்டப்பட்டது அல்ல. போன் தன் எண்ணையும் பாஸ்வேர்டையும் சொல்லி, ‘204 இப்போது இங்கே இருக்கிறது’ என்று எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துகொள்கிறது. இந்தப் பேச்சுமுறைக்குப் பெயர் சிப். இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் அதன் வடிவம் 2002-ல் வந்தது. அந்தப் பதிவை மேஜை போன் செய்தாலும் ஒன்றுதான். லின்போன், ஸாய்ப்பர் போன்ற ஆப் போட்ட ஸ்மார்ட்போன் செய்தாலும் ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஆபீஸ் ரவுட்டருக்கு உள்ளே இருக்கிறது, வீட்டு போன் வெளியே இருக்கிறது. “ரவுட்டர்ல 5060 போர்ட்டைத் திறந்துவிட்டா போதும் சார், பத்து நிமிஷ வேலை” என்பார் இன்ஸ்டால் செய்ய வரும் தம்பி. அவர் சொல்வது பொய் இல்லை. பத்து நிமிடத்தில் வீட்டிலும் போன் அடிக்கும். ஆனால், அந்தக் கதவு கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும் திறப்பதில்லை, உலகத்துக்கே திறக்கிறது.

5060 என்பது சிப்புக்கான வழக்கமான வாசல் எண். அது எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே தானியங்கி புரோகிராம்கள் இணையத்தில் சுற்றுகின்றன. 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களை வரிசையாக முயன்று பார்க்கும். பாஸ்வேர்டாக முதலில் அதே எண்ணையே போட்டுப் பார்க்கும், பிறகு 1234. ஒன்று மாட்டினால் போதும். யாரும் கவனிக்காத சனிக்கிழமை ராத்திரியாகப் பார்த்து, நிமிடக் கட்டணம் மிக அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு ஒரே நேரத்தில் பல அழைப்புகள் போகும். அந்தக் கட்டணத்தில் மோசடிக்காரர்களுக்குப் பங்கு உண்டு. திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது பில் தயாராக இருக்கும். ஆபீஸ் லைனிலிருந்து போன அழைப்பு என்பதால், ‘நாங்கள் பேசவில்லை’ என்று நிரூபிப்பது பெரும் பாடு.

எனவே கதவைத் திறக்காமல் சுரங்கம் வெட்டுவதே சரி. அதுதான் வி.பி.என். எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால், ரவுட்டரிலோ ஒரு சின்ன கம்ப்யூட்டரிலோ வயர்கார்டு அல்லது ஓப்பன் வி.பி.என் நிறுவ வேண்டும். இரண்டும் இலவசம். வயர்கார்டில் ஒவ்வொரு ஊழியரின் போனுக்கும் தனிச் சாவி. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அமைப்பு முழுவதும் ஏறிவிடும். சாவி இல்லாமல் தட்டுகிறவர்களுக்கு அது பதிலே சொல்லாது, வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது.

இதில் கால் இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, முகவரி. நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் ஆபீஸுக்கென்று தனிப் பொது ஐ.பி முகவரி கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-ல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால் அந்த வகைதான். எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி வாங்கிக்கொள்வது, நாள் கணக்கில் ரவுட்டரோடு மல்லுக்கட்டுவதைவிட மலிவு.

இரண்டாவதை முன்கூட்டியே சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கி, வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1 ஆக இருந்தால், சுரங்கம் பச்சை விளக்கு காட்டும்; போன் மட்டும் பதிவாகாது. எக்ஸ்சேஞ்சைத் தேடிப் போகும் செய்தி, வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பத்து ஊழியர்களின் வீட்டு ரவுட்டரை மாற்ற முடியாது. ஆபீஸ் பக்கத்தை 10.37.20 என்பது போல யாரும் அதிகம் வைக்காத வரிசைக்கு ஆரம்பத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, எல்லோரும் படும் அவஸ்தை: போன் அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது. சிப் அழைப்பை ஏற்பாடு செய்வதோடு சரி. குரல் வேறு போர்ட்களில் தனியாகப் போகிறது. அஸ்டெரிஸ்க் வகை எக்ஸ்சேஞ்சுகளில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை. குரலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எக்ஸ்சேஞ்ச் குழம்பினால், பாதிப் பேச்சு காற்றில் போகும். வி.பி.என் முகவரி வரிசையை எக்ஸ்சேஞ்சின் ‘லோக்கல் நெட்வொர்க்’ பட்டியலில் சேர்ப்பதும், ரவுட்டரில் ‘சிப் ஏ.எல்.ஜி’ என்று இருப்பதை அணைப்பதும் பெரும்பாலும் தீர்த்துவிடும். உதவி செய்வதற்காக வைத்த அந்த வசதி, உபத்திரவம் செய்வதுதான் அதிகம்.

டேட்டா பெரிய செலவில்லை. சாதாரண தரத்தில், சுரங்கத்தின் சுமையையும் சேர்த்து, ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 100 எம்.பி. பேட்டரிதான் பிரச்னை. ஸ்மார்ட்போன் தூங்கும்போது ஆப்பையும் தூங்கவைக்கும். கஸ்டமருக்கு மணி அடிப்பது கேட்கும், இங்கே போன் ஊமையாக இருக்கும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கும் வி.பி.என் ஆப்புக்கும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். ஐபோனில் அது போதாது. புஷ் அறிவிப்பு மூலம் ஆப்பை எழுப்பும் வசதி எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்பது நல்லது.

துபாயில் இருக்கும் பங்குதாரருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் கொடுத்தால் என்ன என்று ஆசை வரும். அங்கேதான் நிதானம் தேவை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் பேச்சை, உரிமம் இல்லாமல் இங்குள்ள தொலைபேசி லைனுக்குள் இறக்கிவிடுவது இந்தியாவில் குற்றம். ஆபீஸுக்கு லைன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் இதைச் செய்யக் கூடாது.

வீட்டிலிருப்பவர்கள் ஆபீஸ் ஆப்பில் 112-ஐ அழைக்கவும் கூடாது. அழைப்பு ஆபீஸ் லைன் வழியாகப் போவதால், ஆம்புலன்ஸ் ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம். அவசரத்துக்குச் சொந்த சிம்தான்.

எல்லாம் முடிந்தபிறகு ஐ.எஸ்.டி தேவைப்படாத எக்ஸ்டென்ஷன்களில் அதை மூடிவிட்டு, வீட்டு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒருமுறை வெளியாளை விட்டு ஆபீஸ் எண்ணுக்கு அழைக்கச் சொல்ல வேண்டும். போன் பூட்டிய நிலையில் அரை மணி நேரம் கிடந்தபிறகு அழைக்க வேண்டும் என்பது முக்கியம். ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில், அடையாள அட்டையோடு அவருடைய வயர்கார்டு சாவியையும் ரத்து செய்ய வேண்டும்; ரவுட்டரில் அது ஒரே ஒரு வரியை நீக்கும் வேலை.