பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் ஊர்ப் பழமொழி. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குக் கொடுக்கும்போது அது நல்ல புத்திமதி. கொடுத்தவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் போரும் புயலும் பூகம்பமும் அடித்துப் போட்ட இடங்களில் இந்தப் பழமொழியால் விளைந்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல மனசோடு எதைக் கொடுத்தாலும் அது உதவிதான். கஷ்டத்தில் இருப்பவர் வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். குறை சொன்னால் நன்றி கெட்டவர். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும்கூட. நூற்றைம்பது ஆண்டு நிவாரணப் பணியின் வரலாற்றில் அதற்குச் சாட்சி நிறையவே இருக்கிறது.

நானும் அப்படி நம்பியவன்தான். 2005 ஜனவரி முதல் வாரம். சுனாமி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டு போயிருந்தார்கள். எங்கள் தெருவில் வீடு வீடாகத் துணி சேர்த்து, ஒரு லாரி பிடித்து, அக்கரைப்பேட்டைப் பக்கம் போனோம். ஊருக்குள் நுழையும் முன்பே கண்ணில் பட்டது, தார்ச்சாலையின் இரண்டு ஓரங்களிலும் கிடந்த துணிக் குவியல். எங்களுக்கு முன்னால் வந்த லாரிகள் கொட்டிவிட்டுப் போனவை. ஆடுகள் அதன்மேல் ஏறி நின்றன.

நாங்களும் மூட்டையைப் பிரித்தோம். கொக்கி போன ரவிக்கைகள், வேறேதோ பள்ளியின் பெயர் தைத்த சீருடை, முழங்கால் கிழிந்த பேண்ட், கம்பளி ஸ்வெட்டர். ஒருத்தி ரவிக்கை இன்னொருத்திக்குப் பொருந்தாது என்பதுகூட எங்கள் புத்தியில் உறைக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும், ஒரு மீன்கார அம்மா வந்து ஒரு ரவிக்கையை எடுத்து விரித்துப் பார்த்தார். மறுபடி மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“யாரு போட்டு அவுத்ததோ. இதை உடுத்திக்கிட்டு நான் எப்படித் தம்பி மார்க்கெட்டுல போயி ஒக்காருவேன்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறோம், ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று நினைத்தேன். அவர் செய்ததெல்லாம் மாட்டின் பல்லைப் பார்த்ததுதான். பார்க்க அவருக்கு முழு உரிமை இருந்தது என்பது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

அந்தத் துணிகளை அள்ளியவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். இடிபாடு அகற்றவும் கிருமிநாசினி தெளிக்கவும் ஆள் போதாமல் தவித்த நாட்களில், நம் புண்ணியத்தை வாரிக் கொட்டும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. பிறகு அந்தக் குவியலில் ஒரு பங்கை டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு எடுத்துத் துவைத்து, வெட்டி, பெண்களின் மாதவிடாய்க்கான துணிப் பட்டைகளாக மாற்றியது. அங்கேதான் முதன்முதலாக ஒருவர் அந்தத் துணியைப் பார்த்து, இது யாருக்கு என்ன தேவைக்கு ஆகும் என்று யோசித்திருக்கிறார்.

இந்த யோசனை புதியதல்ல. இன்றைய நிவாரணப் பணியின் ஊற்றுக்கண்ணிலேயே இருந்தது. 1859 ஜூன் 24, வடக்கு இத்தாலியின் சோல்ஃபெரினோ. ஒரே நாள் சண்டையில் சுமார் 40,000 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். தற்செயலாக அங்கே வந்து சேர்ந்த ஜெனீவா வியாபாரி ஆன்றி துய்னான், பக்கத்து ஊரான காஸ்திலியோனேயின் தேவாலயத்தில் காயம்பட்டவர்களோடு நாட்கணக்கில் கிடந்தார். தன் வண்டிக்காரரைப் பிரெஷ்யா நகரத்துக்கு அனுப்பி அவர் வாங்கிவரச் சொன்ன சாமான்களை அவருடைய புத்தகத்தில் பார்க்கலாம்: ஆரஞ்சு, எலுமிச்சை, சர்க்கரை, சட்டைகள், கட்டுத் துணி, ஊசி, சுருட்டு, புகையிலை. மயக்க மருந்து போதாமல் கையையும் காலையும் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், காயம்பட்ட சிப்பாய்களின் நடுக்கத்தைப் புகையிலைதான் தணித்தது. பக்திமான் ஒருவர் தேவாலயத்துக்குள் சுருட்டு விநியோகித்தார் என்றால், தனக்குப் பிடித்ததை அவர் கொடுக்கவில்லை, கிடந்தவர்கள் கேட்டதைக் கொடுத்தார் என்றுதான் அர்த்தம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1863-இல், செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது அந்த அனுபவத்திலிருந்துதான்.

1870-இல் பிரஷ்யப் படைகள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தை முற்றுகையிட்டுக் குண்டு போட்டன. வீடிழந்த மக்களுக்குத் துணி தேவைப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டோருக்குத் தொண்டு செய்த கிளாரா பார்ட்டன் அங்கே போய்ச் சேர்ந்தார். கட்டுக் கட்டாகத் துணிமணியை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவர் தையற்கூடம் அமைத்து, அந்த ஊர்ப் பெண்களையே வேலைக்கு வைத்து, கூலி கொடுத்துத் தைக்கச் சொன்னார். உடுத்தத் துணியும் கிடைத்தது, அடுப்பெரியக் காசும் கிடைத்தது, கையேந்தி நிற்கும் கேவலமும் இல்லை. அக்கரைப்பேட்டை மீன்கார அம்மா பேசிய மானத்தை 135 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி புரிந்துகொண்டிருந்தார்.

இவ்வளவு தெளிவாகத் தொடங்கிய பணி, கொடுப்பவர் கை ஓங்க ஓங்கத் தடம் புரண்டது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பூகம்பம். சுமார் 25,000 பேர் இறந்தார்கள். உலகம் உருகி 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் அனுப்பியது. என்ன வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. நூற்றுக்கு எட்டுப் பங்கு வந்து சேரும்போதே காலாவதியானவை. மீதியிலும் எளிதில் அடையாளம் காண முடிந்தது 30 சதவீதம்தான். பெரும்பாலான டப்பாக்களில் அந்தந்த நாட்டு வியாபாரப் பெயர் மட்டுமே இருந்தது. படிக்கத் தெரியாத லேபிள் ஒட்டிய மாத்திரையை எந்த டாக்டர் எந்த நோயாளிக்குக் கொடுப்பார்?

அதிலிருந்து யாரும் பாடம் கற்கவில்லை. பாஸ்னியப் போரின்போது, 1992-லிருந்து 1996 நடுப்பகுதி வரை, அங்கே போய்ச் சேர்ந்த மருந்துகளில் சுமார் 17,000 டன் உதவாதவை. அவற்றை அழிக்க மட்டும் 3.4 கோடி டாலர் ஆகும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தங்கள் கிடங்கில் தேங்கிய சரக்கை அழிக்கும் செலவு அனுப்பியவர்களுக்கு மிச்சமானது என்பதையும் அதே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த நாடு பிறர் மருந்துக் குப்பையைக் கொட்டும் கிடங்காகவும் ஆனது. கடைசியில் 1996-இல் உலக சுகாதார நிறுவனம் விதிமுறை வகுத்தது: கேட்டதை மட்டும் அனுப்பு, வந்து சேரும்போது காலாவதிக்கு ஒரு வருடமாவது இருக்கட்டும், அந்த ஊர்க்காரர் படிக்கிற மொழியில் லேபிள் ஒட்டு. பெட்டிக்கடைக்காரருக்குத் தெரிந்த விஷயத்தை உலகத்துக்கு எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

“வேண்டாததை ஓரமாக வைத்துவிட்டால் போகிறது, அதனால் என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது. பூகம்பம் வந்த ஊரில் விமானம் இறங்க ஒரு ஓடுபாதை, சரக்கு வைக்க நாலு கிடங்கு, ஏற்றி இறக்கக் கொஞ்சம் ஆட்கள், போகவர ஒரு சாலை. இருப்பது அவ்வளவுதான். நம் கம்பளி ஸ்வெட்டர் மூட்டை இறங்கும் நேரத்தில் ரத்தப் பைகள் வரிசையில் காத்திருக்கும். வீணான ஒவ்வொரு பெட்டியும் உயிர் காக்கும் ஒரு பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தப்பான தானம் இடத்தை அடைப்பதோடும் நிற்பதில்லை. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் பூகம்பம். பச்சைக் குழந்தைகள் பாவம் என்று பால் பவுடர் டின்கள் குவிந்தன. தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் வீடுகளுக்கும் அவை போயின. கிணறு கலங்கிய ஊரில், கொதிக்க வைக்க விறகில்லாத கூடாரத்தில், கழுவ வழியில்லாத புட்டியில் அந்தப் பவுடரைக் கரைத்துக் கொடுத்தார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, தானப் பவுடர் கிடைத்த குழந்தைகளில் 25.4 சதவீதத்துக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காத குழந்தைகளில் 11.5 சதவீதத்துக்குத்தான். டின் வாங்கி அனுப்பியவர்களின் மனசு வெள்ளை மனசு. வயிற்றுப்போக்குக்கு அனுப்பியவரின் மனசு தெரியாது.

போர்க்களத்தில் நிலைமை இன்னும் மோசம். 2001 அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் ஆப்கானிஸ்தான்மீது குண்டும் போட்டன, உணவுப் பொட்டலமும் போட்டன. பொட்டலத்தின் நிறம் மஞ்சள். கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறி, வெடிக்காமல் தரையில் கிடந்த சின்னக் குண்டுகளின் நிறமும் மஞ்சள். பசித்த பிள்ளை எதை நோக்கி ஓடும்? வித்தியாசம் பார்த்து எடுங்கள் என்று ரேடியோவில் எச்சரித்தார்கள். பிறகுதான் பொட்டலத்தின் நிறத்தை மாற்ற முடிவு செய்தார்கள். கீழே நிற்பவரின் கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தால், முதல் பொட்டலம் விழுவதற்கு முன்பே நிறம் மாறியிருக்கும்.

“இப்படியெல்லாம் பேசினால் கொடுக்கிறவர்களும் கொடுக்க மாட்டார்கள்” என்பது எப்போதும் வரும் ஆட்சேபம். 2005 ஜனவரி ஆரம்பத்தில், உலகமே சுனாமிக்கு நன்கொடை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு அறிவிப்பு வெளியிட்டது: சுனாமிப் பணிக்கு எங்களுக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம். வந்த உபரியை மற்ற நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. மற்ற அமைப்புகள் சில கோபப்பட்டன. ஆனாலும் அந்த அமைப்பு அழிந்துபோகவில்லை, அதன்மேல் உள்ள மதிப்பும் குறையவில்லை. கொடுப்பவரிடம் உண்மையைச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை.

பொருளுக்குப் பதில் பணமாகக் கொடுக்கலாமே என்றால் வரும் ஆட்சேபம் இதைவிட மோசமானது: “பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்.” வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர்கள்கூடக் கூசாமல் சொல்வார்கள். 2014-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த பண உதவித் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. பொருளாகக் கொடுத்தால் என்ன நடக்கிறது? ஈராக்கில் தஞ்சம் புகுந்த சிரிய அகதிகளில் 70 சதவீதம் பேர் தங்களுக்குக் கிடைத்த நிவாரணப் பொருளை விற்றுக் காசாக்கியிருந்தார்கள் என்று 2015-இல் ஒரு நிபுணர் குழு எழுதியது. பாதி விலைக்குப் போனாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும் என்கிற நிலைமை. அப்போதும்கூட உலக நிவாரணச் செலவில் பணமாகவும் கூப்பனாகவும் போனது 6 சதவீதம்தான்.

அந்த மீன்கார அம்மாவிடம் நான் கடைசியில் வேறு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன். “ஒரு அன்னக்கூடையும் கொஞ்சம் மொதலும் இருந்தா நான் வெளியூருல மீனெடுத்தாவது வித்துருவேன்” என்றார். பிறகு லாரியைப் பார்த்தார். “இதைக் கொண்டாரதுக்கு எவ்வளவு வாடகை தம்பி?” டீசலோடு சேர்த்து எட்டாயிரம் என்றேன். அவர் விரலை மடக்கவில்லை, வாயாலும் எண்ணவில்லை. தினமும் ஏலத்தில் நின்று விலை கேட்டுப் பழகியவர். “இருவது பேருக்குக் கூடையும் மொதலும் ஆயிருக்கும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் சொன்னதில் குத்தல் இல்லை. கணக்குத்தான் இருந்தது. அந்தக் கணக்கை நாங்கள் இருபது பேர் சேர்ந்து ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

எல்லா இடத்திலும் பணம்தான் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. முற்றுகையிடப்பட்ட ஊரில் கடையே திறந்திருக்காது. அங்கே மாவு மூட்டைதான் போக வேண்டும். முதல் இரண்டு நாளைக்கு வேண்டியது சோறும் தண்ணீரும். சுனாமி அடித்தபோது பரங்கிப்பேட்டை ஜமாத்தார் பக்கத்து மீனவ ஊர்க்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். அந்தச் சோறு வீணாகவில்லை, ஏனென்றால் யார் எங்கே தங்கியிருக்கிறார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதுதான் வேண்டும். பொருளா பணமா என்பது இரண்டாவது கேள்வி. கேட்டோமா இல்லையா என்பதே முதல் கேள்வி.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்றும் நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. வாங்குகிறவருக்குத் தகுதி உண்டா என்று சந்தேகிக்கத்தான் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். கொடுக்கும் பொருளுக்குத் தகுதி உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த புயல் வரும். நம் கடற்கரைக்கு அது புதிதல்ல. அன்றைக்கு அலமாரியைத் திறக்கும் முன் அந்த ஊரில் இருப்பவர் யாருக்காவது போன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் நம்புங்கள். கூடை என்று சொன்னால் கூடை வாங்குங்கள், அதுவும் முடிந்தால் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். நீங்களே உடுத்தத் தயங்குகிற துணியை மூட்டையில் வைக்காதீர்கள். மாட்டை லாரியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவர் கொடுக்கிறவர்தான்.