காக்பிட் வியூ ஆடாதவன் டிரைவர் இல்லையா?

ரேஸிங் கேம் ஆடுகிற கூட்டத்துக்குள் எழுதப்படாத வர்ணாசிரமம் ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கிற காக்பிட் வியூ ஆசாமிகள் உச்சியில். அடுத்த படியில் பானெட் வியூ. அதற்கும் கீழே, ரோட்டை உரசிக்கொண்டே போகிற பம்பர் வியூ. காருக்குப் பின்னால் பட்டம் மாதிரி பறந்து வரும் சேஸ் கேமராவில் ஆடுகிறவனுக்கு ஊருக்கு வெளியேதான் இடம். "அதெல்லாம் சின்னப் பசங்க ஆட்டம்பா" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

கேட்டால் அவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். "நிஜ டிரைவர் அப்படித்தானே பார்க்கிறார்?" கேட்க ஜோராக இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்று இறங்கிவிடும்.

மனிதனின் இரண்டு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரி பார்க்கும். கழுத்தைத் திருப்பினால் இன்னும் கூட. 24 அங்குல அகலத்திரை மானிட்டரின் அகலம் சுமார் 53 செ.மீ. அதிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் திரை கண்ணில் அடைக்கும் கோணம் சுமார் 48 டிகிரி. 15.6 அங்குல லேப்டாப் என்றால் அதே தூரத்தில் வெறும் 32 டிகிரி. சாவித்துவாரம் வழியாக ஊரைப் பார்ப்பது மாதிரி. அந்தத் துவாரத்துக்குள்தான் டாஷ்போர்டு, ஸ்டியரிங், கையுறை போட்ட இரண்டு கை, கண்ணாடி ஓரத்துத் தூண் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். ரோட்டுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

"பார்வைக் கோணத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். வைக்கலாம். அப்போது திருப்பம் இருக்கிற தூரத்தைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரியும். எங்கே பிரேக் அடிப்பது என்ற கணிப்பு கெடும். நிஜ அளவில் வைத்தால் பக்கத்தில் வருகிற கார் தெரியாது, கூட்டி வைத்தால் தூரம் பொய் சொல்லும். இந்த இரண்டில் எதற்கு 'நிஜம்' என்று பட்டயம் எழுதிக் கொடுப்பது? இதில் மேஜையில் நிஜ ஸ்டியரிங் மாட்டியிருப்பவர்களின் கதை தனி. கையில் ஒரு ஸ்டியரிங், திரைக்குள் இன்னொரு ஸ்டியரிங். எந்த ஊர் காரில் இரண்டு இருக்கிறது? :-)

அடுத்தது உடம்பு. நிஜ காரின் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்தால் டிரைவருக்குக் கண்ணுக்கு முன்னால் முதுகுக்கும் இடுப்புக்கும் தெரிந்துவிடும். நாற்காலியில் கீபோர்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சேதி வரவே வராது. சேஸ் கேமராவில் காரின் வால் விலகுவது அப்பட்டமாகத் தெரிகிறது. நாற்காலி திருடிக்கொண்டதைக் கண் வழியாகத் திருப்பிக் கொடுக்கிறது அந்தக் கேமரா. இதற்குப் பெயர் ஏமாற்றா?

வரலாறும் இந்தப் பெருமைக்குத் துணை நிற்கவில்லை. 1976-ல் வந்த அடாரியின் நைட் டிரைவரிலேயே டிரைவர் பார்வைதான். காரணம் நிஜத்தின் மேல் காதல் இல்லை. இருட்டில் ரோட்டோர வெள்ளைக் கம்பங்களை மட்டும்தான் அந்த மெஷினால் வரைய முடிந்தது, காரையே திரையின் மேல் தனியாக ஒட்டிவிட்டார்கள். 1982-ல் நாம்கோவின் போல் பொசிஷன் கேமராவைக் காருக்குப் பின்னால் கொண்டுபோனது. 1992-ல் சேகாவின் விர்ச்சுவா ரேஸிங் மெஷினில் நாலு பார்வைக்கு நாலு பட்டனே வைத்தார்கள், எது வேண்டுமோ நீயே அமுக்கிக்கொள் என்று. சோனியின் கிரான் டூரிஸ்மோ 1997-ல் அட்டையிலேயே 'தி ரியல் டிரைவிங் சிமுலேட்டர்' என்று போட்டுக்கொண்டு வந்தது. அந்த வரிசையில் காக்பிட் வியூ எட்டிப் பார்த்தது 2007 கடைசியில், கிரான் டூரிஸ்மோ 5 ப்ரோலாக்கில். இடையில் பத்து வருஷம் அதை ராப்பகலாக ஆடியவர்கள் எல்லாம் பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருந்தார்கள்?

சரி, வெறும் கிண்டலோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். விஷயம் அங்கே நிற்பதில்லை. லைவ் ஃபார் ஸ்பீட் மாதிரி கேம்களில் சர்வர் நடத்துகிறவர் எல்லோருக்கும் காக்பிட் வியூவைக் கட்டாயமாக்க முடியும். அதற்கு ஒரு நியாயம் உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஒட்டி உரசி ஓட்டும்போது சேஸ் கேமராக்காரனுக்குப் பக்கத்துக் கார் தெரியும், காக்பிட்காரனுக்குத் தெரியாது. இன்ன போட்டிக்கு இன்ன விதி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

ஆனால் 'எல்லோருக்கும் சமம்' என்கிற பேச்சுதான் இடிக்கிறது. மூன்று மானிட்டரை வளைத்து வைத்திருப்பவனுக்கும் விஆர் ஹெட்செட் மாட்டியிருப்பவனுக்கும் காக்பிட் வியூவில் பக்கவாட்டு தாராளமாகத் தெரியும். அதே விதியில் லேப்டாப்காரனுக்குக் கிடைப்பது அந்த 32 டிகிரி சாவித்துவாரம். பார்வை ஒன்று, பார்க்கிற ஜன்னல் வேறு வேறு. பணம் போட்டு வாங்கிய ஜன்னலைத் திறமைக் கணக்கில் எழுதிக்கொண்டு, சின்ன ஜன்னல்காரனைப் பார்த்து "உனக்கு ஓட்டத் தெரியலை" என்பது என்ன சமத்துவம்?

இதனால் சேஸ் கேமரா குற்றமற்றது என்றும் ஆகிவிடாது. திருப்பத்தின் உள்விளிம்பைக் காரின் உடம்பே மறைக்கும். கார் திரும்பிய பிறகு கேமரா சாவகாசமாகத் திரும்பும் கேம்களில் கை குழம்பும். லேப்டாப்பும் கீபோர்டும்தான் என்றால் பானெட்டோ பம்பரோ பெரும்பாலும் உத்தமம். ரோடு முழுசாகத் தெரியும், மறைக்க எதுவும் கிடையாது. டிரிஃப்ட் அடிக்கச் சேஸ் கேமரா. பெரிய திரையோ ஹெட்செட்டோ இருந்தால் காக்பிட் அருமையான அனுபவம், தாராளமாக ஆடட்டும்.

எது தனக்குச் சரி என்று குழப்பமா? ஒரே கார், ஒரே டிராக், ஒவ்வொரு பார்வையிலும் பத்துப் பத்து லேப் ஓட்டிப் பார்த்தால் போதும். எதில் ஒரு லேப் வேகமாக வந்தது என்பதைவிட, எதில் பத்து லேப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். அதுதான் அவரவர் பார்வை. தலை சுற்றினால், வாந்தி வருகிற மாதிரி இருந்தால், யார் என்ன சொன்னாலும் உடனே மாற்றிவிட வேண்டியது.

ஸ்டாப்வாட்ச் கேமராவைப் பார்த்து நேரம் சொல்வதில்லை. முந்திப் போனவனைப் பார்த்து "எந்த வியூ?" என்று விசாரிக்கிறவர்கள், முதலில் அவனைப் பிடித்துவிட்டு விசாரிக்கட்டும்.