வயிற்றுக்கும் ஒரு டைம் டேபிள்

லேத்துக்கு நேரத்துக்கு ஆயில் விடுகிறோம். நம் வயிற்றை மறந்துவிடுகிறோம். காலையில் வெறும் டீ, மதியம் அவசரச் சோறு, ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, உடனே படுக்கை. அப்புறம் 'நெஞ்சு கரிக்குது' என்று சோடா! சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே 2 முதல் 4 மணி நேரம் ஆகுமாம். அதற்குள் படுத்தால் அமிலம் மேலே ஏறத்தானே செய்யும்? சோடாவோ காற்றைத்தான் கூட்டும்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். கூலி வேலைக்குப் போகும் அப்பா பழைய சோறும் மோரும் சாப்பிடாமல் வாசல் தாண்டமாட்டார். படிக்கிற நாம்தான் வெறும் வயிற்றோடு ஓடுகிறோம். வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டு முறையைத்தான் சொல்கிறார்.

காலைச் சாப்பாட்டை விடக்கூடாது. மென்று சாப்பிடணும். ராத்திரிச் சாப்பாடு படுக்கைக்கு 3 மணி நேரம் முன்பே முடியணும். எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடணும். அப்படியும் வாரக்கணக்கில் தொல்லை நீடித்தால் டாக்டரிடம் போங்கள். வயிற்றுப் புண்ணுக்குக் கிருமியும் காரணம் என்று கண்டுபிடித்த மார்ஷலும் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமிக்கு மாத்திரை உண்டு.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்: அரை மணி மதிய இடைவேளையை முக்கால் மணியாக்கிக் கேட்டு வாங்குங்கள். மென்று சாப்பிட நேரம் வேண்டாமா, தோழர்களே?