பல்லின் மேல் போடும் பழி

ஏழெட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றால் போனால், நம் வீடுகளில் முதலில் அதன் வாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். ஈறு தடித்திருந்தால் பேச்சு முடிந்தது. ‘பல்லு மொளைக்குது, அதான் போவுது. தானா நின்னுடும்’ என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். புட்டியைக் கொதிக்க வைத்தோமா, கஞ்சி எத்தனை மணிக்குக் காய்ச்சியது, எந்தக் குழாய்த் தண்ணீர் என்று அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. இந்த நம்பிக்கையின் பெரிய கேடே இதுதான். பல்லைக் குற்றவாளி ஆக்கிவிட்டால், வீடு, தெரு, ஊராட்சி என்று மற்ற எல்லோரும் தப்பித்துவிடுகிறோம்.

பெரியவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி வருகிறது; 20 பால் பற்களும் வந்து முடிய இரண்டரை, மூன்று வயதாகிறது. இடையில் எந்த நோய் வந்தாலும் ஏதோ ஒரு பல் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற எதிர்ப்பாற்றல் குறைவதும் இணை உணவு தொடங்குவதும் அதே ஆறாம் மாதத்தில்தான். குழந்தை தவழ ஆரம்பிக்கிறது. ஈறு ஊறுவதால் கைக்கு அகப்பட்டதை எல்லாம், செருப்பு உட்பட, கடிக்கிறது. கிருமிக்கு வேறு வழி வேண்டுமா? சட்டம் தரும் 26 வார மகப்பேறு விடுப்பு தீர்வதும் ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான். கட்டட வேலைக்கும் களையெடுக்கவும் போகும் பெண்களுக்கு அந்த விடுப்பும் இல்லை. தாய்ப்பால் குறைகிறது, புட்டி வீட்டுக்குள் வருகிறது.

பல் முளைக்கும்போது எச்சில் வழியும், குழந்தை சிணுங்கும், உடம்பு லேசாகச் சுடும். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 125 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு, மலம் இளகுவதற்கும் பல்லுக்கும் தொடர்பைக் காணவில்லை. பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு, பல் வெளிவரும் நாளில் சற்று இளகலாம் என்றது. அந்த ‘சற்று’ வேறு. தண்ணீராகத் திரும்பத் திரும்பப் போவதும், ரத்தம் கலந்து போவதும், கடும் காய்ச்சலும் வேறு. அவற்றைப் பல்லின் கணக்கில் எழுத இடமில்லை. இது நம்மூர்ப் பாட்டிகள் மட்டும் செய்த பிழையும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இறப்புப் பதிவேட்டிலேயே ‘பல் முளைத்தல்’ ஒரு காரணமாக எழுதப்பட்டது.

சொல்லப்போனால், பாட்டிகளின் கண்ணை நான் நம்புகிறேன். ‘உச்சி விழுந்துடுச்சு’ என்று அவர்கள் சொல்வது மிகச் சரியான கணிப்பு. உச்சிக்குழி உள்ளே அமுங்குவது உடலில் நீர் வற்றியதன் அடையாளம். மருத்துவரும் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார். அடுத்துச் செய்வதில்தான் வழி மாறுகிறது. குடல் தட்டவும் தொக்கம் எடுக்கவும் தூக்கிக்கொண்டு போகிறோம். ‘வயிறு காயட்டும்’ என்று பாலை நிறுத்துகிறோம். வற்றிய உடலுக்கு வேண்டியது நீரும் உப்பும் சர்க்கரையும்.

அதைக் கொடுக்க மருத்துவமனைகூட வேண்டாம் என்பதை 1971-லேயே மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் காட்டிவிட்டார். வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் திரவம் போதவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலந்து நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் தூவிக் கலக்கினால் உப்பு கூடிவிடும். 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். சோர்ந்து கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், ரத்தம் தெரிந்தாலும் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பேதியைச் ‘சட்டென்று நிறுத்தும்’ லோபரமைடு கைக்குழந்தைக்கு ஆபத்து. கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஓஆர்எஸ் என்ற பெயரில் சர்க்கரைப் பானங்கள் விற்றுவந்ததை, ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடிய பிறகே, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. ஆணைக்குக் காத்திராமல் கடைக்காரர்களே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு மையங்களில் இலவசம். தமிழகத்தில் 2017 முதல் தரப்படுகிறது. ஆனால், எல்லாக் கிருமிக்கும் சொட்டு மருந்து இல்லை. தண்ணீரில்தான் கைவைக்க வேண்டும். வீட்டுக் குழாய்க்கு வந்துசேரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தொட்டியில் மருந்து போடுவது ஊராட்சியின் வேலை. சரி, குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது யார் வேலை? கசியும் குழாய் சாக்கடை ஓரமாகப் போகும் தெருவில் அந்த மோட்டார் தண்ணீரோடு சாக்கடையையும் இழுக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைத்தான் குடிக்கிறது. அந்த மோட்டாரைக் கழற்றுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளையொட்டிக் கிராமசபை கூடுகிறது. மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், குளோரின் அளவைப் பார்த்தது யார் என்று அங்கே எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.