பெயர் நமது, ஆட்டம் பிறருடையது!

பிக்கிள்போல் என்னும் ஆட்டம் ஒரு தீவிலே பிறந்தது. 1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வாசிங்ரன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், பொழுது போகாதிருந்த வீட்டாருக்காக ஜோயல் பிரிச்சாட் என்பாரும் அவர்தம் நண்பரும் ஒரு பழைய பூப்பந்துக் களத்தைத் தேர்ந்தனர். பூப்பந்து மட்டைகள் கிடைக்கவில்லை. மேசைப்பந்து மட்டையையும் துளையிட்ட பிளாஸ்ரிக் பந்தையும் எடுத்தனர்; ஆடினர். கையிலிருந்ததைக் கொண்டு கட்டிய ஆட்டம் அது.

இன்று அதன் கோலம் யாது? சம்பளம் பெறும் ஆட்டக்காரர், விலைபோகும் அணிகள், நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை! கூடைப்பந்து வீரர் லெப்ரோன் ஜேம்ஸ் போன்ற செல்வர்கள் 2022இல் அணி வாங்கினர். 2025 சனவரியில் மும்பாயில் நடந்த தொழின்முறைப் போட்டியிலே சென்னையின் பெயரிலும் ஓர் அணி ஆடிற்று. நடிகை சமந்தா அதன் உரிமையாளர். அணிக்குப் பெயர் சென்னை, ஆட்டம் மும்பாயில்!

நகைக்க வேண்டா, அன்பர்களே! நம் கதை இதனினும் மோசம். லங்கா பிறீமியர் லீக் என்னும் கிறிக்கெற் போட்டியில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கிண்ணத்தை வென்றது. எங்கே ஆடி வென்றது? அம்பாந்தோட்டையில், கொழும்பில், கண்டியில், தம்புள்ளையில். அவ்வாண்டுகளில் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமேனும் நடந்ததுண்டா? இல்லவே இல்லை. நம் ஊரின் பெயர் மட்டும் ஊர் ஊராய்ச் சென்று விலைபோயிற்று. நாமோ திண்ணையிலிருந்து கைதட்டினோம்.

"வியாஸ்காந்தைப் பாருங்கள், இப்போட்டியன்றோ அவருக்கு வழி திறந்தது!" என்பார் சிலர். 2020இல் அவ்வணியில் ஆடிய அவ்விளைஞர் 2024இல் ஐதராபாத் அணிக்காக இந்தியாவிலும் ஆடினார். நாமும் பெருமை கொள்கின்றோம். ஆயினும் அவரை ஆக்கியது எது? யாழ். மத்திய கல்லூரியின் மைதானம். பார்வையாளர் மண்டபம் எந்தப் பிள்ளைக்கும் பந்தெறியக் கற்பித்ததில்லை.

பார்ப்பதே குற்றமென நாம் கூறவில்லை. 1904 முதல் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் பொருதும் ஆட்டத்தைக் காணத் திரளும் கூட்டம் எத்தகையது! மட்டை பிடிக்கும் பிள்ளை இன்னாரின் மகன், இன்னாரின் மாணாக்கன் என்று அறிந்தவர் பலர். தாமே ஒருகாலத்தில் அங்கு ஆடியவர் சிலர். அது காசு கொடுத்துக் கொண்ட உறவன்று.

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவிலே சர்வதேசக் கிறிக்கெற் அரங்குக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். கண்டலும் சதுப்பும் என்னாவது என்று சுற்றாடலறிந்தோர் கேட்ட கேள்வி நியாயமானதே. நம் கேள்வி வேறு. புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து வாணர் பாலம் கடந்து, வேலணையும் அல்லைப்பிட்டியும் தாண்டி யாழ்ப்பாணம் செல்லும் நம் பிள்ளை அவ்வரங்கின் வாயிலை எவ்வாறு கடக்கப் போகின்றான்? ஆடுபவனாகவா, சீட்டு வாங்குபவனாகவா, அன்றி வாகனத் தரிப்பிடம் காப்பவனாகவா? இதற்கு விடை பகராது கல்லை மட்டும் நாட்டுவோர், ஊருக்கு ஒரு மைதானமேனும் செப்பனிட்ட பின் அரங்கு கட்டட்டும்!

அரசை மட்டும் ஏசிப் பயனில்லை. போரினால் ஊர் பெயர்ந்து, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம்மவர் ஊரின் பேரில் சங்கம் வைத்துள்ளனர். உத்தியோகத்தரும் வைத்தியரும் பொறியியலாளரும் அவற்றில் உளர். அவர்களை ஒன்று கேட்கின்றோம். பிக்கிள்போலுக்கு வேண்டிய களம் நாற்பத்துநான்கு அடி நீளம், இருபது அடி அகலம்; பூப்பந்துக்கும் அஃதே அளவு. இறுப்பிட்டியில் ஆளற்றுக் கிடக்கும் வளவுகளில் ஒன்றை உரியவர் உவந்தளித்தால், அவ்வளவான சீமெந்துத் தரையொன்றை இட்டுவிடலாம். அருகே கரப்பந்துக்கு இரு கம்பமும், கிளித்தட்டுக்குக் கோடு கீற மண்தரையும் விடுக. ஆட்டமில்லாப் பகற்பொழுதில் அத்தரையிலே கமக்காரர் நெல் காயவிடட்டும், பெண்கள் ஒடியல் பரப்பட்டும், சண்டை வாராது!

சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில், கலைவிழாச் செலவுக்கு முன்பாக இதனைச் சேர்க்குமாறு கோருகின்றோம். வளவுக்காரர் இசைவைப் பெறுவது ஊரிலுள்ளோர் பொறுப்பு.